ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட எஸ்யூவி: நான்காண்டு ஓடிய வண்டியை நம்பி வாங்கலாமா?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்போ இல்லாத 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். இத்தனை காலத்தில் எஞ்சினைத் திறக்க வேண்டிய தேவை ஒருமுறைகூட எழவில்லை. வயதான பெற்றோர் தாழ்ந்த இருக்கையில் அமரவும் எழவும் சிரமப்படுவதால், உயரமான எஸ்யூவி ஒன்றுக்கு மாற முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பிடித்துப்போன வண்டி நான்காண்டு பழையது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் 3 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் அதில் இருக்கிறது. ஏறக்குறைய அதே விலைக்கு, மூன்று மூன்று சிலிண்டர்களாக இரு வரிசைகள் வி வடிவில் சாய்ந்து நிற்கும் வி6 டர்போ எஞ்சின் கொண்ட இன்னொரு வண்டியும், 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினோடு சற்றுப் புதிய வண்டி ஒன்றும் கிடைக்கின்றன.

என் தயக்கமெல்லாம், புகைவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைப் பற்றியது. நெருங்கிய உறவினர் ஒருவரின் வண்டியில் 90,000 கிலோமீட்டரைத் தொடும் முன்பே டர்போ பழுதாகி, அதிலிருந்து கசிந்த ஆயில் காற்று உள்ளே போகும் குழாய் முழுவதும் பரவி, பெருஞ்செலவு வைத்துவிட்டது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை 3 லிட்டர் எஞ்சின் இவ்வளவு எளிதாக இழுப்பதே டர்போவின் துணையால்தான் என்னும்போது, அந்தச் சிறு கருவி எத்தனை ஆண்டு தாங்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். நேர்வரிசை எஞ்சினுக்கும் வி வடிவ எஞ்சினுக்கும் இடையில் சொல்லப்படும் வேறுபாடு, ஓட்டுபவருக்கு உண்மையிலேயே தெரியக்கூடியதா? இந்த எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர்களும் நீண்ட நாள் வைத்திருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுழல்தண்டு எழுதியது:

வணக்கம் நண்பரே. எஞ்சின் வடிவமைப்பைக் கற்பிக்கும் பணியில் இருப்பவன் என்பதால் உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேறுபாடு உண்மையானதுதான்; அது எஞ்சினின் வடிவத்திலேயே இருக்கிறது.

பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் மேல் முனையில் திரும்பும்போது ஏற்படும் முடுக்கம் கீழ் முனையில் திரும்பும்போது ஏற்படுவதைவிட அதிகம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்த வேறுபாடு ஒன்றையொன்று தணிக்காமல் நான்கிலும் சேர்ந்து கூடுவதால், கிராங்க்ஷாஃப்ட் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை எழும் அதிர்வாக வெளிப்படுகிறது. அதை அடக்கவே பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் எதிர்த்திசையில் சுழலும் சமநிலைத் தண்டுகளைப் பொருத்துகிறார்கள். நேர்வரிசை ஆறில் முதலாம் சிலிண்டரும் ஆறாம் சிலிண்டரும் இணையாக ஏறி இறங்குகின்றன. அவ்வாறே இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும். இந்த மூன்று இணைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி நிற்கின்றன. முன்பாதி பின்பாதியின் கண்ணாடிப் பிம்பம் போல அமைந்திருப்பதால், சுழற்சிக்கு ஒருமுறை எழும் விசையும் இருமுறை எழும் விசையும், அவற்றால் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும் போக்கும் தாமாகவே நீங்கிவிடுகின்றன. சமநிலைத் தண்டே வேண்டாம். கூடவே, ஒவ்வொரு 120 பாகைக்கும் ஒரு சிலிண்டர் எரிவதால் ஒன்றின் உந்துதல் அடங்கும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது.

வி6 என்பது மூன்று சிலிண்டர் எஞ்சின் இரண்டைப் பக்கத்தில் சேர்த்து வைத்ததற்கு ஒப்பானது. மூன்று சிலிண்டருக்கே உரிய, முனைக்கு முனை ஆடும் இயல்பு அதில் எஞ்சி நிற்கிறது. டொயோட்டாவின் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினின் இரு வரிசைகளும் 60 பாகைக் கோணத்தில் அமைந்தவை. ஆடியும் போர்ஷாவும் பயன்படுத்தும் 3 லிட்டர் டர்போ வி6 எஞ்சினோ 90 பாகைக் கோணமும் ஒரு சமநிலைத் தண்டும் கொண்டது. இவை மோசமான எஞ்சின்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். நல்ல மவுன்டிங்குகளின் மீது அமர்ந்திருக்கும்போது, சாதாரண வேகத்தில் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது. ஐட்லிங்கில் நிற்கும்போதும், உயர்ந்த சுற்றுகளை நெருங்கும்போதும் நேர்வரிசை ஆறின் அமைதி தனியாகத் தெரியும். பதினோரு ஆண்டுகள் ஆறு சிலிண்டர் ஓட்டிப் பழகிய உங்கள் காதுக்கு நான்கு சிலிண்டர் எஞ்சின் நிச்சயம் குறையாகவே படும்.

இவ்வளவு நல்ல அமைப்பை இடையில் ஏன் கைவிட்டார்கள் என்ற கேள்வி எழலாம். நீளம்தான் காரணம். மெர்சிடிஸ் 1997 முதல் தன் நேர்வரிசை ஆறுகளை வி6 கொண்டு மாற்றத் தொடங்கியது. குட்டையான எஞ்சினால் முன்பகுதியில் மோதலைத் தாங்கும் இடம் கூடுகிறது, வி8 எஞ்சின் தயாரிக்கும் இயந்திரங்களையே பயன்படுத்தவும் முடிகிறது. பிறகு இரும்பு லைனர்களுக்குப் பதிலாகச் சிலிண்டர் சுவர்களில் மெல்லிய உலோகப் பூச்சைத் தெளிக்கும் முறை வந்ததால் சிலிண்டர்களை நெருக்கி வைக்க முடிந்தது. அந்நிறுவனம் 2017-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்256 எஞ்சினில், ஏசி கம்ப்ரஸரையும் வாட்டர் பம்பையும் 48 வோல்ட் மின்சாரத்தால் இயக்கியதால், முன்னால் இருந்த பெல்ட்டுகளே நீங்கி இன்னும் சில அங்குலம் மிச்சமாயிற்று. ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 500 சிசி என்ற அளவை வைத்துக்கொண்டு, அதே அடிப்படையில் 2 லிட்டர் நான்கு சிலிண்டரையும் 3 லிட்டர் ஆறு சிலிண்டரையும் ஒரே தொழிற்சாலையில் செய்ய முடிவதும் பெரிய காரணம். பிஎம்டபிள்யூ மட்டும் இந்த அமைப்பை எப்போதும் விட்டதில்லை. 2015-இல் வந்த அதன் பி58 எஞ்சின் 2,998 சிசி. ஜாகுவார் லேண்ட்ரோவர் 2019-இல் தன் வி6 எஞ்சினை விட்டு நேர்வரிசைக்கு வந்தது. ஜீப், மாஸ்டா போன்ற நிறுவனங்களும் பின்னர் அதே வழியில் வந்துவிட்டன.

டர்போவுக்கும் இந்த வரிசை மிக ஏற்றது. எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்பதால், முன் மூன்று சிலிண்டர்களின் புகைவாயுவை ஒரு வழியிலும் பின் மூன்றின் வாயுவை மறு வழியிலும் டர்போவின் டர்பைன் சக்கரத்துக்கு அனுப்பினால், ஒவ்வொரு வழியிலும் 240 பாகைக்கு ஒருமுறை சீரான துடிப்பு வந்து சேர்கிறது. ஒரு சிலிண்டர் வெளியேற்றும் அழுத்தம் அடுத்ததன் சுவாசத்தைக் கெடுப்பதில்லை. ஒரே டர்போவை வைத்துக்கொண்டு பி58 எஞ்சினின் 340 குதிரைத்திறன் வடிவம் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தொட்டு, 5,200 சுற்று வரை அதைத் தளரவிடாமல் வைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். கனமான எஸ்யூவிக்கு உச்சக் குதிரைத்திறனைவிட இந்தத் தட்டையான முறுக்குவிசைதான் பயன்.

இருபதாண்டுப் பட்டறை எழுதியது:

மேலே நண்பர் எழுதிய அனைத்தும் சரி. ஆனால் எஞ்சினின் சமநிலை வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. வெப்பமும் ஆயிலும்தான் தீர்மானிக்கின்றன. இருபது ஆண்டுகளாக இத்தகைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிவரும் அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்வேன். என்னிடம் வந்த ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின்களில் பிஸ்டனும் கிராங்க்ஷாஃப்டும் தாமாகக் கெட்டவை மிகச் சில. சுற்றியிருக்கும் பாகங்கள் கெட்டு, அதை உரிமையாளர் கவனிக்காமல் விட்டதால் எஞ்சின் கெட்டவையே பல.

டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினின் புகைவாயு முழுச் சுமையில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெப்பத்தில், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு, உலோகத்தின் மீது உட்கார்ந்திருக்கவில்லை. மயிரிழையைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மீது மிதக்கிறது. ஆயில் தூய்மையாகவும் போதிய அழுத்தத்திலும் வந்துகொண்டிருக்கும்வரை அதற்குத் தேய்மானம் என்பதே மிகக் குறைவு. ஆயில் பழையதாகிக் கசடு சேர்ந்தால், டர்போவுக்கு ஆயில் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் உள்ளே கருகி அடைபடும். உங்கள் உறவினரின் வண்டியில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. ஆனால் என் பட்டறைக்கு வந்த இறந்துபோன டர்போக்களில் பெரும்பாலானவற்றின் பின்னணியில், தவறிய ஆயில் மாற்றம் ஒன்றாவது இருந்திருக்கிறது. அதனால்தான் டர்போவை மட்டும் மாற்றி, அந்தக் குழாயையும் ஆயில் பில்டரையும் மாற்றாமல் விடுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். புதிய டர்போவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே வழியில் போகும்.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். எடையைக் குறைப்பதற்காக, அதன் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடும், குழாய் இணைப்புகளும், சேமிப்புக் கலனும் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து அவை முறுகி, ஒரு நாள் விரிசல் விடும். சென்ற ஆண்டு ஒருவர் ஐந்தாண்டு ஓடிய வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று மாதங்களாக அவ்வப்போது கூலன்ட் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்திருக்கிறது. அவரும் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். கைவிரல் அளவே உள்ள ஓர் இணைப்பில் விரிசல். கடைசியில் நெடுஞ்சாலையில் அது முற்றிலும் பிளந்து, எஞ்சின் கொதித்து, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. நேர்வரிசை ஆறின் ஹெட் நீளமானது. அதிக வெப்பத்தில் வளைவதற்கும் அதுதான் முந்திக்கொள்ளும். மிக எளிதில் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. அந்த மனிதரின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. நேர்வரிசையில் ஒரு நன்மையும் உண்டு: ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி என்று தெளிவாகப் பிரிந்திருப்பதால் கை நுழைய இடம் இருக்கிறது. டர்போவை இரு வரிசைகளுக்கும் நடுப்பள்ளத்தில் வைக்கும் வி6 அமைப்பில் புகைவாயு செல்லும் தொலைவு குறைந்து டர்போ விரைவில் வேகமெடுக்கும் என்றாலும், வெப்பம் முழுவதும் அந்தக் குழியில் தேங்குவதால் அருகிலுள்ள ரப்பர் குழாய்களும் மின்கம்பி உறைகளும் விரைவில் வயதாகின்றன.

நீங்கள் வாங்கப்போகும் வண்டியை முதல்நாள் இரவு முதல் அசையாமல் நிறுத்தி வைக்கச் சொல்லி, குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில விநாடிகளில் வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சுழற்றும் டைமிங் செயின் பக்கமிருந்து சலசலவென்ற ஒலி வந்து நீடித்தால் விலகிவிடுங்கள். பி58 உட்படச் சில எஞ்சின்களில் அந்தச் செயின் கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் இருப்பதால், அதைத் தொட வேண்டுமானால் பெரும் வேலை. பிறகு ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதிக்கும்போது நீலநிறப் புகை வருகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் கலனைச் சுற்றியும் குழாய் இணைப்புகளிலும் காய்ந்த வெண்மையான அல்லது நிறப் படிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, நான்காண்டு சர்வீஸ் ரசீதுகள். முத்திரை குத்திய புத்தகம் மட்டும் போதாது. எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தத் தரக்குறியீடு கொண்ட ஆயில் ஊற்றப்பட்டது என்று ரசீதில் இருக்க வேண்டும். ரசீது இல்லாத 40,000 கிலோமீட்டர் வண்டியைவிட, ரசீதோடு வரும் லட்சம் கிலோமீட்டர் வண்டியை நான் துணிந்து வாங்குவேன்.

மலைச்சாலை எழுதியது:

வணக்கம். நேர்வரிசை ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை ஐந்தாண்டுகளாக வைத்திருக்கிறேன். இன்றுவரை 88,000 கிலோமீட்டர். எஞ்சினைப் பொறுத்தவரை ஆயில், பில்டர், ஒருமுறை ஸ்பார்க் பிளக், ஒரு கூலன்ட் குழாய் ஆகியவற்றைத் தவிர வேறு செலவில்லை.

எரிபொருள் செலவைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன். நெரிசலான சாலையில் லிட்டருக்கு ஆறரை முதல் ஏழு கிலோமீட்டர், சீரான நெடுஞ்சாலையில் பத்தரை முதல் பதினொன்று. இது என் வண்டியின் கணக்கு. நான்கு சிலிண்டர் வண்டி இதைவிட மிகச் சிக்கனமாக இருக்கும் என்று எண்ணித்தான் முதலில் அதைப் பார்த்தேன். ஆனால் இதே எடையுள்ள வண்டியில் குடும்பமும் மூட்டை முடிச்சுகளும் ஏறி மலைப்பாதையில் போகும்போது, சிறிய எஞ்சின் எப்போதும் தன் பலத்தின் எல்லையிலேயே உழைக்க வேண்டியிருப்பதால், எதிர்பார்த்த மிச்சம் அதில் கிடைப்பதில்லை. சோதனை ஓட்டத்தை ஏற்றமான சாலையில், ஆட்கள் நிறைந்த வண்டியில் செய்து பாருங்கள். அங்கே ஆறு சிலிண்டரின் அருமை தெரியும்.

பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணில் சிக்கனம் பார்க்காதீர்கள். எரிபொருள் மூடியின் உட்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் குறையாமல் ஊற்றுங்கள். குறைந்த ஆக்டேன் ஊற்றினால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. தட்டல் ஒலியை உணரும் சென்சார் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றும். ஆனால் அந்த நேரத்தில் இழுவையும் குறையும், புகைவாயுவின் வெப்பமும் கூடும். மேலே பட்டறை ஐயா சொன்ன வெப்பத்தைத்தான் நாமே கூட்டிக்கொள்கிறோம்.

இன்னொரு செய்தி. புதிய வடிவங்களில், எஞ்சினுக்குத் துணைபுரியும் 48 வோல்ட் மின் மோட்டார் அமைப்பு சேர்ந்திருக்கிறது. நிறுத்தத்தில் எஞ்சின் அணைந்து மீண்டும் உயிர்பெறுவது அதில் உணரமுடியாத அளவுக்கு மென்மையாக இருக்கிறது. மெர்சிடிஸ் ஜிஎல்இ 450 வண்டியின் 2019-ஆம் ஆண்டு வடிவத்தில் அந்த மோட்டார் எஞ்சினின் 367 குதிரைத்திறனோடு சிறிது நேரத்துக்கு 22 குதிரைத்திறனைக் கூட்டித் தருகிறது. லேண்ட்ரோவரின் 400 குதிரைத்திறன் எஞ்சினில், டர்போ வேகமெடுக்கும்வரை காற்றைத் தள்ளுவதற்கு 48 வோல்ட்டில் இயங்கும் மின் கம்ப்ரஸர் ஒன்றே இருக்கிறது. ஓட்டுவதற்கு இனிமையானவை, ஆனால் பழைய வண்டியாக வாங்கும்போது அந்த 48 வோல்ட் பேட்டரியின் நலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு சிலிண்டர் வண்டியை விட்டுவிட்டேன். வி6 வண்டியின் சர்வீஸ் ரசீதுகளில் பதினெட்டு மாத இடைவெளி ஒன்று இருந்ததால் அதையும் விட்டுவிட்டேன். நேர்வரிசை ஆறு வண்டியின் ரசீதுகள் முழுமையாக இருக்கின்றன. ஆயில் மாற்றம் தயாரிப்பாளர் சொன்னபடி ஏறக்குறைய 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்திருக்கிறது.

இதில் எனக்கு இரண்டு ஐயங்கள். இந்த இடைவெளி டர்போ எஞ்சினுக்கு அதிகமா? டர்போ வண்டியை நிறுத்தியதும் அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும் என்று என் தந்தை உறுதியாகச் சொல்கிறார். இன்றைய எஞ்சின்களுக்கும் அது தேவையா?

இருபதாண்டுப் பட்டறை எழுதியது:

தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் கடைப்பிடித்திருக்கிறார்கள் என்பதே நல்ல செய்தி. இருந்தாலும் என் கையில் இருந்தால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவேன். நேரடியாக எரியறைக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இந்த எஞ்சின்களில், எஞ்சின் முழுச் சூடாகாத குறுகிய ஓட்டங்களின்போது சிறிது பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகிவிடும்; நாள்தோறும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் தங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போனால் டர்போ தண்டை மிதக்க வைக்கும் படலமும் மெலியும். இன்றைய எஞ்சின்களுக்குத் தரப்படும் 0டபிள்யூ-20 போன்ற ஆயில்கள் முன்பே மெல்லியவை என்பதையும் நினைவில் வையுங்கள். கெட்டியான ஆயிலை நாமாக ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கையேட்டில் மாற்றாக அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம்.

உங்கள் தந்தை சொல்வது ஒரு காலத்தில் மிகச் சரியான அறிவுரை. எஞ்சின் அணைந்ததும் ஆயில் ஓட்டம் நின்று, டர்போவின் தகிக்கும் உடலுக்குள் தேங்கிய ஆயில் கருகிப்போவதைத் தடுக்க வேறு வழி அப்போது இல்லை. இன்று டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் எஞ்சின் அணைந்த பிறகும் மின் பம்ப் சிறிது நேரம் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்திய பின் முன்னாலிருந்து மெல்லிய இரைச்சல் கேட்டால் அஞ்ச வேண்டாம். இயல்பாக ஓட்டி வந்து நிறுத்தினால் உடனே அணைக்கலாம். நீண்ட மலையேற்றத்துக்கோ மிக வேகமான ஓட்டத்துக்கோ பிறகு என்றால், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வாருங்கள். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விடுவதைவிட அதுவே நன்றாகக் குளிர்விக்கும்.

கியர்பாக்ஸ் ஆயிலையும் கேட்டு வையுங்கள். வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை என்று பலர் சொல்வார்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் இருக்கும் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றப் பரிந்துரைக்கிறது.

சுழல்தண்டு எழுதியது:

பட்டறை நண்பர் சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டர்போ வைத்த நேரடி பெட்ரோல் பீய்ச்சு எஞ்சின்களில், மிகக் குறைந்த சுற்றில் முழுச் சுமையைக் கொடுக்கும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சுவரில் ஒட்டிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளிகளே அதைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. கடுமையாக நிகழ்ந்தால் ஒரே அடியில் பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதியே உடையக்கூடும். ஆயிலில் கால்சியம் அடிப்படையிலான தூய்மையாக்கும் சேர்மம் அதிகமாக இருந்தால் இந்த ஆபத்து கூடுவது தெரியவந்ததால், அதன் ஒரு பகுதியை மக்னீசியம் கொண்டு மாற்றினார்கள். 2020-இல் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதற்கான சோதனையும், டைமிங் செயின் தேய்மானத்துக்கான சோதனையும் அடங்கும். ஆகவே தயாரிப்பாளரின் தரக்குறியீடு உள்ள ஆயிலையே வாங்குங்கள். கியரைக் கையால் தேர்ந்தெடுக்கும் முறையில் ஓட்டும்போது, உயர் கியரில் 1,200 அல்லது 1,300 சுற்றில் வண்டி போய்க்கொண்டிருக்கையில் ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தாதீர்கள். கியர்பாக்ஸைத் தன்போக்கில் விட்டால் அதுவே கீழ் கியருக்கு இறங்கிக்கொள்ளும்.

நெடுவழி எழுதியது:

இன்று காலை வண்டியைப் பார்த்தேன். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தபோது எந்த ஒலியும் இல்லை, புகையும் இல்லை, கூலன்ட் படிவும் இல்லை. உடன் வந்த மெக்கானிக் கணினியை இணைத்தபோது பிழைக் குறியீடு ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே சோதிக்கும் பல பிரிவுகள் இன்னும் நிறைவடையவில்லை என்று காட்டியது. அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்க வேண்டும் என்றார். விற்பவரிடம் பணிவாகக் கேட்டதும், ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார். 140 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பி0128 என்ற குறியீடு திரும்ப வந்தது. எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்பது அதன் பொருளாம். வண்டி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விலகிவிடுவதா?

இருபதாண்டுப் பட்டறை எழுதியது:

அந்தக் குறியீட்டுக்குப் பெரும்பாலும் காரணம், மூடாமல் திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். அதுமட்டும் என்றால் விலக வேண்டியதில்லை. கொதிப்பதற்கு நேர்மாறான பழுது அது. ஆனால் எஞ்சின் பல மாதங்கள் குளிர்ந்தே ஓடியிருந்தால், மேலே சொன்னபடி ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக் இருந்தால் எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல புதிய எஞ்சின்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அப்படியானால் ஆயில் சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், சில நாட்களில் முடிவு கிடைத்துவிடும். தெர்மோஸ்டாட், கூலன்ட், ஆயில், ஆயில் பில்டர் நான்கையும் விற்பவர் செலவில் மாற்றி, அதற்கான ரசீதை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டி, முழுதும் குளிர்ந்த பின் கூலன்ட் மட்டம் குறையாமல் அதே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். குறியீட்டை அழித்தது யார், எப்போது என்பதையும் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் தரும் பதிலைக் கேட்ட பிறகு இங்கே எழுதுங்கள்.